கலைச்சொல் விவாதம்: பந்தயக் குதிரையின் பெரிய இதயத்துக்கு ‘வீக்கம்’ வேண்டாம்

அன்பு நண்பர்களுக்கு வணக்கம்.

பந்தயக் குதிரையின் இதயம் பற்றிய கட்டுரைக்குக் கலைச்சொல் கேட்டிருந்தார் நண்பர். ஆளாளுக்கு ஒரு சொல் தந்திருக்கிறீர்கள். என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஓடி ஓடி உரமேறிய இதயத்துக்கும் நோயால் பெருத்த இதயத்துக்கும் ஒரே சொல்லை வைத்தால் கட்டுரை முழுக்கக் குழப்பம்தான் மிஞ்சும். மற்றச் சொற்களில் விட்டுக்கொடுப்பேன், இதில் மாட்டேன்.

> ‘இதய வீக்கம்’ ஏற்கெனவே செய்தித்தாள்களில் புழங்குகிறது, மக்களுக்கும் புரிகிறது. புதிதாக எதற்கு மெனக்கெட வேண்டும்?

புரிகிறது ஐயா, ஆனால் தப்பாகப் புரிகிறது. அடிபட்டால் வீங்கும், சீழ் பிடித்தால் வீங்கும், நீர் கோத்தால் வீங்கும். வீங்கியது வற்ற வேண்டும் என்றுதான் கேட்பவர் மனம் எதிர்பார்க்கும். குதிரையிலேயே உண்மையான வீக்கம் ஒன்று உண்டு: இதயம் செயலிழந்துவரும் குதிரைக்கு மார்பின் முன்பக்கத்திலும் அடிவயிற்றிலும் நீர் இறங்கி வீங்கும். அதே கட்டுரையில் அதையும் எழுதத்தானே போகிறோம்? நோயின் அறிகுறியும் வீக்கம், பயிற்சியின் பலனும் வீக்கம் என்றால் படிப்பவர் எதை எதோடு சேர்ப்பார்?

நடப்பது என்ன என்பதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். சொல் அதிலிருந்துதான் வர வேண்டும்.

பந்தயத்துக்கென்றே வளர்க்கும் தரோபிரெட் இனக் குதிரையின் இதயம் உடல் எடையில் ஏறக்குறைய நூற்றில் ஒரு பங்கு. 4 முதல் 5 கிலோ. சும்மா நிற்கும்போது நிமிடத்துக்கு 30 முதல் 40 துடிப்பு. முழு வேகத்தில் ஓடும்போது 220, சில குதிரைகளில் 240 வரை. ஒவ்வொரு துடிப்பிலும் ஒரு லிட்டருக்கு மேல் இரத்தம் வெளியேறும். ஆக, பந்தயத்தின் உச்சத்தில் அந்த இதயம் நிமிடத்துக்கு 250 லிட்டர் வரை, பெரிய குதிரையில் அதற்கும் மேலே, இறைக்கிறது. போதாததற்கு, ஓடத் தொடங்கியதும் மண்ணீரல் சுருங்கித் தான் சேமித்து வைத்த சிவப்பணுக்களை இரத்த ஓட்டத்தில் கலந்துவிடும். இரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு 40 விழுக்காட்டுப் பக்கத்திலிருந்து 60-ஐத் தாண்டும். குழம்பாகக் கெட்டியான அந்த இரத்தத்தைத்தான் இதயம் அத்தனை வேகத்தில் தள்ள வேண்டும்.

மாதக்கணக்கில் இப்படிப் பயிற்சி பெறும்போது இடது கீழறையின் சுவர் தடிக்கிறது. அறையும் சேர்ந்து விரிகிறது. இரண்டும் ஒத்துப்போவதுதான் முக்கியம். சுருங்கும் பலம் கூடியும், தளர்ந்து இரத்தத்தை வாங்கிக்கொள்ளும் குணம் கெடுவதில்லை. பயிற்சியை நிறுத்திக் குதிரையை மேய விட்டால் இந்த மாற்றம் பெருமளவு பின்வாங்கும் என்பதும் அளந்து பார்த்த செய்தி.

இதைக் காதாலும் கேட்கலாம். நல்ல பயிற்சியில் இருக்கும் குதிரை கொட்டிலில் அமைதியாக நிற்கும்போது, இடது முழங்கைக்குப் பின்னால் ஸ்டெதஸ்கோப்பைச் செருகிக் கேளுங்கள். லப்-டப், லப்-டப், லப்-டப், பிறகு ஒன்றுமில்லை. ஒரு முழுத் துடிப்பு வரவேண்டிய இடம் காலியாக இருக்கும். கூர்ந்து கேட்டால் மேலறை மட்டும் சுருங்கும் மெல்லிய ஒலி அந்த இடைவெளியில் தட்டுப்படும்; கீழறைக்குச் செய்தி போய்ச் சேரவில்லை என்று பொருள். அடுத்து மறுபடி லப்-டப். மனிதருக்கு இப்படிக் கேட்டால் மருத்துவர் உடனே ஈசிஜி எடுக்கச் சொல்வார். இந்தக் குதிரையையோ கொஞ்ச நேரம் ஓடவிட்டால் போதும், இடைவெளி இருந்த சுவடே இருக்காது. துடிப்பை மெதுவாக்கும் வேகஸ் நரம்பு இதயத்தை ஓய்வில் இறுக்கிப் பிடித்து வைத்திருந்த பிடி, ஓட்டத்தில் தளர்ந்துவிடுகிறது.

பெரிய இதயம், மெதுவான துடிப்பு, நடுவில் ஒரு தவறல். தனித்தனியாகப் பார்த்தால் மூன்றும் நோய். இந்த விலங்கில் சேர்த்துப் பார்த்தால் ஆரோக்கியம். நமக்கு வேண்டிய சொல் இந்த ஆரோக்கியத்தின் பக்கம் நிற்க வேண்டும்.

> ‘தடகள இதயம்’? ‘பயிற்சியிதயம்’? ‘வைரம் பாய்ந்த இதயம்’?

தடகளம் மனித விளையாட்டோடு ஒட்டிக்கொண்டுவிட்டது. படகு வலிப்பவருக்கும் இதே மாற்றம் உண்டு என்பதால் மனிதருக்கே அது போதாது. ‘பயிற்சியிதயம்’ என்றால் மாணவர்கள் அறுத்துப் பழகும் இதயம் என்று படிக்கவும் இடமிருக்கிறது. வைரம் பாய்ந்தது என்ற வழக்கு எனக்கும் பிடிக்கும். ஆனால் வைரம் பாய்ந்த கட்டை விறைத்தது, வளையாதது. விறைத்துப்போன இதயம் நோயுற்ற இதயம். அழகான சொல்தான், நேரெதிர்ப் பொருளைத் தருகிறது.

உறுப்பு பருத்து வளர்வதைக் குறிக்கும் ஹைபர்ட்ரோபிக்கு வழங்கும் ‘மிகைவளர்ச்சி’யை நோய்க்கே விட்டுவிடலாம். ‘மிகை’ என்ற முன்னொட்டே குற்றம் சாட்டுகிறது. நோயில் அந்தக் குற்றச்சாட்டு நியாயம். ‘பெருக்கம்’ எண்ணிக்கை கூடுவதைச் சொல்லும். இங்கே தசையணுக்கள் பருக்கின்றனவே தவிர, எண்ணிக்கையில் கூடுவதால் இந்த வளர்ச்சி வருவதில்லை.

நான் முன்வைப்பது: பயில்திரட்சி.

தோள் திரண்டது, தசை திரண்டது என்று நாம் பாராட்டாகத்தான் சொல்கிறோம். திரட்சி என்ற சொல் சுவரை மட்டும் குறிக்காமல் முழு வடிவத்தையும் குறிக்கும். சுவர் தடிப்பும் அறை விரிவும் இரண்டும் அதற்குள் அடங்கும். ‘பயில்’ என்பதை வினைத்தொகையாக வைத்திருக்கிறேன், ஏவுகணை, ஓடுதளம் போல. பயின்ற, பயில்கின்ற, பயிலும் என்று மூன்று காலமும் அதில் ஒளிந்திருக்கிறது. பயிலும் வரை இருக்கும், பயில்வது நின்றால் குறையும் என்ற உடலியல் உண்மைக்கு இதைவிடப் பொருத்தமான இலக்கணம் கிடைக்காது என்று நினைக்கிறேன். இரத்தம் திரள்வதோடு குழம்புமே என்று ஒருவர் கேட்கலாம். அதற்கு ‘உறைவு’ நிலைபெற்றுவிட்டது, பயமில்லை.

> புகழ்பெற்ற அமெரிக்கப் பந்தயக் குதிரை செக்ரடேரியட்டின் இதயம் 10 கிலோ இருந்ததாம். அதையும் பயில்திரட்சி என்பீர்களா?

மாட்டேன். 1989-இல் அந்தக் குதிரை இறந்தபோது இதயத்தை யாரும் எடை போடவில்லை. ஏறத்தாழ 22 பவுண்டு என்பது உடலைக் கூறாய்ந்த மருத்துவரின் மதிப்பீடு. நோயால் பெருத்ததல்ல, அறைகளும் வால்வுகளும் சரியாகவே இருந்தன என்று அவர் சொல்லியிருக்கிறார். பந்தயத்தை விட்டுப் பல ஆண்டுகளான குதிரைக்கு அப்படி ஓர் இதயம் பயிற்சியால் மட்டும் வந்துவிடாது; பிறப்பிலேயே வந்த பங்கு பெரியது. ஆஸ்திரேலியாவில் ஓடிப் புகழ்பெற்று 1932-இல் இறந்த ஃபார் லாப் என்ற குதிரையின் இதயம் கான்பெராவில் ஆஸ்திரேலிய தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது, 6.2 கிலோ. அதில் எவ்வளவு பிறவி, எவ்வளவு பயிற்சி என்று இனிப் பிரிக்க முடியாது. ஆகவே எடையை மட்டும் பார்த்து இந்தச் சொல்லை ஒட்டக் கூடாது. பயிற்சிக்கு முன்னும் பின்னும் அளந்த வேறுபாட்டுக்கே ஒட்ட வேண்டும். இந்தக் கட்டுப்பாட்டை விளக்கத்தில் எழுதிவிடலாம்.

இனி மறுபக்கம். பயில்திரட்சி நல்லது என்பதால் கடும் பந்தயம் இதயத்தை ஒன்றும் செய்யாது என்று எழுதிவிடக் கூடாது. பயிற்சி கூடக் கூட வால்வுகளில் சிறு கசிவுகள் தென்படுவதும் கூடுகிறது. பெரும்பாலும் ஓட்டத்தை அவை கெடுப்பதில்லை. உண்மையான தொல்லை வேறிடத்தில் இருக்கிறது. மேலறைகள் பெரிது, வேகஸ் பிடி வலுவானது. ஓட்டக் குதிரைக்கு வரமான இந்த இரண்டும் சேர்ந்தால் மேலறையில் மின்னலைகள் உடைந்து அலைவதற்கு நல்ல இடம் கிடைத்துவிடுகிறது. ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்பது இதுதான்.

> மேலறை நடுக்கம் என்றே வைத்துக்கொள்ளலாமே?

குளிரிலும் நடுக்கம், பயத்திலும் நடுக்கம், முதுமையில் கையிலும் நடுக்கம். நடுக்கத்தில் ஓர் ஒழுங்கு உண்டு. இங்கே ஒழுங்குதான் தொலைந்துபோகிறது. ஒரே அலையாகப் பரவ வேண்டிய மின்தூண்டல் பல சிற்றலைகளாகச் சிதறி, தசை இங்கொன்றும் அங்கொன்றுமாகத் துடிக்கிறது. அதனால் சிதறுதுடிப்பு, முழுச்சொல் மேலறைச் சிதறுதுடிப்பு. இலங்கைப் பாடநூல்களில் பழகியவர்கள் சோணையறைச் சிதறுதுடிப்பு என்று எழுதட்டும். இரண்டுக்கும் அகராதியில் இடம் தருவோம், சண்டை வேண்டாம்.

பந்தயத்தில் இது வரும் விதத்தை ஒருமுறை பார்த்தவர் மறக்க மாட்டார். முன்வரிசையில் வந்துகொண்டிருந்த குதிரை கடைசி 400 மீட்டரில் அப்படியே பின்தங்கும். நொண்டவில்லை, ஜாக்கி கடிவாளத்தை இழுக்கவுமில்லை. ஆனாலும் மற்றக் குதிரைகள் ஒவ்வொன்றாகத் தாண்டிப் போகும். ஓய்வில் மேலறையின் உதவி இல்லாமலே கீழறை நிரம்பிவிடும், அதனால் சும்மா நிற்கும்போது குதிரை சாதாரணமாகவே தெரியும். 220 துடிப்பில் ஒரு துடிப்புக்குக் கிடைப்பது கால் நொடிக்குச் சற்று மேல். அந்த அவசரத்தில் மேலறை தள்ளிக்கொடுக்கும் பங்கு இல்லையென்றால் கீழறை பாதி வயிற்றோடுதான் இறைக்கும். இறங்கி வந்ததும் ஈசிஜி எடுத்தால் மேலறைக்குரிய பி அலை காணாமல் போய், அந்த இடத்தில் அடிக்கோடு முழுக்கச் சுருள் சுருளாக இருக்கும்.

இதில் பெரும்பாலானவை ஓரிரு நாளில் தாமாகவே சரியாகிவிடும். அதனால்தான் மருத்துவர்கள் உடனே மருந்தில் இறங்காமல் பொறுத்துப் பார்க்கிறார்கள். அடங்காவிட்டால் மூக்குக் குழாய் வழியாகக் குவினிடின் என்ற மருந்து, அல்லது மயக்கம் கொடுத்து இதயத்துக்குள் கம்பி செலுத்தி மின்னதிர்ச்சி. இந்த வேறுபாட்டுக்குத் தானடங்கு சிதறுதுடிப்பு, அடங்காச் சிதறுதுடிப்பு என்ற இணையைச் சொல்கிறேன். சிகிச்சை முடிவே இந்த வேறுபாட்டில்தான் நிற்கிறது. சொல்லிலும் அது தெரியட்டும்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். பந்தயக் குதிரை விழுந்து இறந்தால் ‘மாரடைப்பால் மரணம்’ என்று நம் செய்திகளில் எழுதும் வழக்கத்தை நாமாவது விட வேண்டும். மனிதரைப் போல இதயத் தமனியில் கொழுப்பு அடைத்து இறப்பது குதிரைகளில் மிக அரிது. அடைப்பே இல்லாத இடத்தில் அடைப்பு என்று எழுதுகிறோம். 2014-இல் ஆஸ்திரேலியாவின் மெல்பர்ன் கோப்பைப் பந்தயத்தில் அட்மையர் ரக்தி என்ற குதிரை கடைசியாக வந்து, கொட்டிலுக்குத் திரும்பியதும் சரிந்து இறந்தது. கூறாய்வுக்குப் பின் சொல்லப்பட்ட காரணம் கீழறைச் சிதறுதுடிப்பு. 2021 டிசம்பர் 6 அன்று கலிபோர்னியாவின் சான்டா அனிட்டா பந்தயத் திடலில் பயிற்சியோட்டம் முடிந்ததும் மெடினா ஸ்பிரிட் என்ற குதிரை இறந்தபோது முதல் செய்திகளில் ஹார்ட் அட்டாக் என்றே வந்தது. அடுத்த பிப்ரவரியில் வந்த கூறாய்வு அறிக்கையோ உறுதியான காரணம் எதையும் சொல்லவில்லை. மின்கோளாறு கணப்பொழுதில் கொன்றுவிட்டால் தசையில் தடயம் விடாமலே போகலாம். காரணம் தெரிந்தால் கீழறைச் சிதறுதுடிப்பு என்று எழுதுவோம். தெரியாவிட்டால் ‘காரணம் காணாத் திடீர் இறப்பு’ என்றே எழுதுவோம்.

தரோபிரெட் என்பதை ‘தூயகுருதிக் குதிரை’ ஆக்க வேண்டாம். அது இங்கிலாந்தில் உருவான ஓர் இனத்தின் பெயர், ஒலிபெயர்ப்பே சரி. ஓட்டத்தில் நுரையீரலில் இரத்தம் கசிவதற்கு நண்பர் கேட்ட சொல்லைத் தனி இழையில் பேசுவோம், அது இதைவிடச் சிக்கல். மூன்று துடிப்புக்கு ஒன்று விட்டுப்போகும் அந்த இடைவெளிக்குத்தான் எனக்கு இன்னும் மனநிறைவான சொல் கிடைக்கவில்லை. ‘தவறல்’ என்றால் பழி ஏறுகிறது. நாடி விட்டு விட்டு அடிக்கிறது என்ற பேச்சுவழக்கிலிருந்து ‘விடுதுடிப்பு’ என்று குறித்து வைத்திருக்கிறேன். கால்நடை மருத்துவம் படித்தவர்கள் யாரேனும் வகுப்பில் இதை எப்படிச் சொல்லிப் பழகினீர்கள் என்று எழுதினால் அதையே எடுத்துக்கொள்கிறேன்.