நெதர்லாந்தில் வேலை முடிந்து ஜேர்மனி திரும்பியவருக்கு வேலையிழப்புக் கொடுப்பனவு: உதவி தேவை

உறவுகள் அனைவருக்கும் வணக்கம். நெதர்லாந்தில் இரண்டு ஆண்டுகளுக்கு மேலாகப் பணிபுரிந்த நான், ஒப்பந்தம் முடிந்ததால் டோர்ட்முண்டில் வசிக்கும் என் குடும்பத்திடம் திரும்பியிருக்கிறேன். ஜேர்மனியில் கொடுப்பனவு பெற, கடைசி 30 மாதங்களுக்குள் குறைந்தது 12 மாதங்கள் காப்புறுதிக்கு உட்பட்ட வேலை செய்திருக்க வேண்டும். நெதர்லாந்துக் காலத்தை உறுதிப்படுத்தும் யூ1 படிவம் என்னிடம் இருக்கிறது. ஆனால், ஐரோப்பிய ஒன்றியத்தின் 883/2004 ஒழுங்குவிதியின்படி, பொதுவாக, கொடுப்பனவு கேட்கும் நாட்டிலேயே கடைசியாகக் காப்புறுதியுடன் வேலை செய்திருந்தால்தான் வெளிநாட்டுக் காலமும் சேர்த்துக் கணக்கிடப்படும்.

வெளிநாட்டில் வேலை செய்தபோதும் வசிப்பிடம் ஜேர்மனியிலேயே இருந்தவர்களுக்கு இந்த நிபந்தனை பொருந்தாது. என் நம்பிக்கை முழுவதும் அதில்தான் இருக்கிறது. மனைவியும் பிள்ளைகளும் இந்த வீட்டிலேயே இருந்தார்கள், பிள்ளைகள் இங்கேதான் பாடசாலைக்குச் செல்கிறார்கள், நான் அங்கே ஓர் அறையை மட்டுமே வாடகைக்கு எடுத்திருந்தேன். எனினும், வாரந்தோறும் வீடு திரும்ப முடியாததாலும், அங்கே முகவரியைப் பதிவு செய்திருந்ததாலும், என் வசிப்பிடம் நெதர்லாந்து என்றே முடிவு செய்துவிடுவார்களோ என்று மிகவும் கவலைப்படுகிறேன்.

இதே நிலையில் இருந்தவர்கள், வசிப்பிடத்தை நிரூபிக்க எந்த ஆவணங்களைக் கொடுத்தீர்கள்? அது ஏற்கப்படாவிட்டால், இங்கே காப்புறுதியுள்ள ஒரு குறுகிய கால வேலையைச் செய்துவிட்டு (மினிஜொப் எனப்படும் குறைந்த சம்பளச் சிறு வேலைக்கு வேலையிழப்புக் காப்புறுதி இல்லை என்பதால் அது உதவாது) மீண்டும் விண்ணப்பித்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா? அப்போது கொடுப்பனவு எந்தச் சம்பளத்தை வைத்துக் கணக்கிடப்பட்டது என்பதையும் தயவுசெய்து தெரிவியுங்கள்.