விஆர்-ல மெனுவை எங்க வைக்கிறது? கேமராவோட ஒட்டினா பசங்க கஷ்டப்படுறாங்க

லேத்_விஆர்:
ஐடிஐ பசங்க லேத் (கடைசல் மெஷின்) பழகுறதுக்கு ஒரு விஆர் (மெய்நிகர்) ட்ரெய்னிங் பண்ணிட்டு இருக்கோம், யூனிட்டி என்ஜின், குவெஸ்ட் 2 ஹெட்செட். டூல் மாத்துறது, ஸ்பீடு, திரும்ப ஆரம்பி, வெளியேறுன்னு எல்லாம் ஒரே மெனுல. எப்பவும் கண்ணு முன்னாடியே இருக்கட்டும்னு மெயின் கேமராவுக்கு சைல்டா, அதாவது தலை திரும்பினா கூடவே திரும்புற மாதிரி போட்டிருக்கேன். கொஞ்ச நேரத்துலயே தலை சுத்துதுங்குறாங்க, ஓரத்து பட்டன் மங்கலா இருக்காம். 'திரும்ப ஆரம்பி' அமுக்கப் போனா பக்கத்துல 'வெளியேறு' விழுந்துடுது. முக்காவாசி பேர் முதல் தடவையா ஹெட்செட் போடுறவங்க. எங்க வைக்கலாம், எவ்ளோ பெருசா?

கயல்_3டி:
முதல்ல அதை கேமராவுல இருந்து கழட்டுங்க. நாம ஓரத்துல இருக்குறதைப் படிக்க தலையைத் திருப்புவோம் இல்லையா, உங்க மெனு தலையோடவே நகர்ந்து போயிடுது, அப்புறம் கண்ணை மட்டும் உருட்டித்தான் படிக்கணும், அங்க லென்ஸோட ஓரம், அதான் மங்கலா தெரியுது.

வேர்ல்ட் ஸ்பேஸ் கேன்வாஸா, அதாவது காட்சிக்குள்ள ஒரே இடத்துல நிக்குற பலகையா மாத்தி மெஷினுக்குப் பக்கத்துல, கண் மட்டத்துக்குக் கொஞ்சம் கீழ, மேல் பக்கம் லேசா பின்னால சாய்ச்சு நிறுத்துங்க. தூரம் 1 மீட்டர்ல இருந்து 2 மீட்டருக்குள்ள. ரொம்ப கிட்ட வச்சா ரெண்டு கண்ணும் உள்பக்கம் திரும்பணும் ஆனா லென்ஸோட ஃபோகஸ் தூரம் மாறாது, அந்த முரண்ல கண்ணு சீக்கிரம் களைச்சுடும்.

சைஸுக்கு கூகுளோட பழைய விஆர் தளமான டேட்ரீம் காலத்துல வந்த டிஎம்எம் (தூரம் சாராத மில்லிமீட்டர்) கணக்கு இன்னிக்கும் உதவும்: 1 மீட்டர் தூரத்துல 1 மில்லிமீட்டர்னா 1 டிஎம்எம், 2 மீட்டர்ல அதே 1 டிஎம்எம் 2 மில்லிமீட்டர். டிசைனை டிஎம்எம்ல போட்டுட்டா மெனுவை முன்ன பின்ன நகர்த்தும்போது தூரத்தால பெருக்கினா போதும்.

துருவன்:
கைல வச்சுடுங்களேன். விஆர்ல படம் வரையுற டில்ட் பிரஷ் ஆப் 2016லயே பண்ணிடுச்சு, ஒரு கையில மெனு, இன்னொரு கையால தொட்டு எடுக்குறது. தேடவே வேணாம், எங்க போனாலும் கூடவே வரும்.

கயல்_3டி:
துருவன், வரையுறவங்களுக்கு அது அருமையான வழி, ஏன்னா நொடிக்கு நொடி கலர் மாத்துவாங்க. இங்க ரெண்டு கையும் மெஷின்ல இருக்கணும், அதுவும் முதல் தடவை வர்ற பையனுக்கு கையைத் திருப்பினா மெனு வரும்னு யாராவது சொன்னாத்தான் தெரியும். நான் நிக்க வைக்கிற பக்கம்தான்.

பழைய_ஃபிட்டர்:
நான் கேக்குறது வேற, டூலும் ஸ்பீடும் எதுக்கு மெனுல? நிஜ லேத்ல ஸ்பீடு மாத்த ஹெட்ஸ்டாக்ல லீவர் இருக்கு, டூல் மாத்தணும்னா டூல் போஸ்ட்டை லூஸ் பண்ணணும், அதுக்கு முன்னாடி மெஷினை நிறுத்தணும், அந்தப் பழக்கத்தைக் கைக்கு ஏத்துறதுக்குத்தானே இந்த ட்ரெய்னிங்கே. பட்டன் அமுக்கி டூல் மாத்திப் பழகினவன் நாளைக்கு ஷாப் ஃப்ளோர்ல நின்னு முழிப்பான். அந்த ரெண்டையும் மெஷினுக்கே குடுத்துடுங்க. மெனுல திரும்ப ஆரம்பி, வெளியேறு மட்டும் மிஞ்சும், தப்பா அமுக்குறதும் பாதி குறையும்.

நித்யா_எக்ஸ்ஆர்:
பழைய ஃபிட்டர் அண்ணா சொன்னது ரொம்ப முக்கியம், அதையே முதல்ல பண்ணுங்க.

தப்பா விழுறதுக்கு இன்னொரு காரணம், ட்ரிகர் அமுக்குற விரலோட அசைவுலயே கைல இருக்குற கன்ட்ரோலர் ஆடி, பட்டனைச் சுட்டுற லேசர் கோடு நகர்ந்துடும், இதுக்கு ஹைசன்பெர்க் எஃபெக்ட்னே பேரு. அதனால அமுக்க ஆரம்பிக்கிறதுக்குக் கொஞ்சம் முன்னாடி லேசர் எந்த பட்டன் மேல நின்னுச்சோ அதையே கணக்குல எடுங்க. தொடுற பரப்பு கண்ணுக்குத் தெரியுற பட்டனை விடப் பெருசா இருக்கலாம். வெளியேறுங்குறதை தனியா தள்ளி வச்சு, அமுக்கிப் பிடிச்சாத்தான் வேலை செய்யுற மாதிரி பண்ணுங்க. லேசர் மேல வந்ததும் நிறம் மாறணும், சின்னதா ஒரு அதிர்வும் குடுங்க, இங்க விரலுக்குத் தட்டுப்படுறதுக்கு எதுவும் இல்லையே.

லேத்_விஆர்:
எல்லாருக்கும் நன்றி! லீவர் விஷயம் எங்களுக்குத் தோணவே இல்ல, இன்னிக்கே ஆரம்பிக்கிறோம். இன்னொரு சந்தேகம், யூனிட்டில எழுத்து காட்டுற டெக்ஸ்ட்மெஷ்ப்ரோல 'வெளியேறு' போட்டா கொம்பு வ-க்கு அப்புறம் போய் நிக்குது, ஃபான்ட் பிரச்சனையா?

நித்யா_எக்ஸ்ஆர்:
ஃபான்ட் இல்ல, டெக்ஸ்ட்மெஷ்ப்ரோ நம்ம எழுத்தை வரிசை மாத்திக் கோக்காது. கொம்பை எழுத்துக்கு முன்னாடி நகர்த்துற சின்ன ஸ்கிரிப்ட் எழுதிக்கலாம், ஒகர வரிசையை (கொ, கோ மாதிரி) கொம்பு, கால்னு ரெண்டாப் பிரிக்கணும். உங்களுக்கு ரெண்டே பட்டன்தானே, இமேஜா போட்டுடுங்க, ஆனா நல்ல ரெசல்யூஷன்ல எடுத்து மிப்மேப் (அதே படத்தோட சின்னச் சின்ன சைஸ் பிரதிகள்) ஆன் பண்ணுங்க, இல்லன்னா தலை அசையுறப்போ எழுத்து மினுமினுக்கும்.