மறுமொழி: விசிறிச் சிப்பியும் ஊற்றுக்கண்ணும் (நாளை இரவு கெடு)

அன்புள்ள நண்பர்களுக்கு,

ஆழ்கடல் தரையில் சூடான நீர் சுரக்கும் வாய்களையும் (hydrothermal vent) விசிறிச் சிப்பியையும் (scallop) பற்றிய கண்காட்சிப் பலகை நாளை இரவு அச்சுக்குப் போகிறது. அதில் வரும் தமிழ்ச் சொற்களைப் பற்றிக் குழுமத்தில் நீங்கள் எழுதியவற்றுக்கு இது என் பதில். பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் நின்று படிக்கப் போகிறார்கள். அதை நினைத்துத்தான் எழுதுகிறேன்.

> ‘நீர்வெப்பத் துளை’ மூலச்சொல்லுக்கு நேராக இருக்கிறது.

நேராக இருக்கிறது ஐயா, ஆனால் நீர்வெப்பமா வெப்பநீரா என்று படிக்கிற பிள்ளை தடுமாறும். இலங்கையின் கன்னியாவில் இருப்பதை வெந்நீரூற்று என்றுதானே சொல்கிறோம் என்று திருகோணமலை நண்பர் எழுதியதும் எனக்கு விளங்கிவிட்டது. நீர் சுரக்கும் இடம் ஊற்றுக்கண். கிணறு வெட்டியவர் எல்லாருக்கும் தெரிந்த சொல். ஆக, ‘கடலடி வெந்நீர் ஊற்றுக்கண்’. வெந்நீர் என்றால் குளியலறை நினைவு வரும் என்று அக்கா சொல்வதும் சரிதான். பலகையில் ஒரு வரி சேர்த்துவிடலாம்: 2,500 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் கடல்மட்டக் காற்றழுத்தத்தைப் போல் ஏறக்குறைய 250 மடங்கு, அதனால் 350 பாகை செல்சியஸ் சூட்டிலும் அந்த நீர் கொதிப்பதில்லை. கருமையாகப் பொங்கும் ஊற்றுக்கண்ணுக்குக் (black smoker) ‘கரும்புகைக் குழல்’ என்ற பெயர் மட்டும் வேண்டாம். அது புகை இல்லை. சூடான நீர் குளிர்ந்த கடல்நீரைத் தொட்டதும் பிரியும் உலோகச் சல்பைடுத் துகள்.

> தொல்காப்பியர் தந்த ‘முரள்’ இருக்க, விசிறி எதற்கு?

‘நந்தும் முரளும் ஈரறிவினவே’ எனக்கும் பிடித்த நூற்பா. உரைகாரர்கள் முரளை இப்பி என்கிறார்கள், சரி. ஆனால் அது இருவோட்டுச் சிப்பி வகைக்கே பொதுவான பெயர். மட்டியும் அதில் வரும். நமக்கு வேண்டியது அதில் ஒரு பிரிவு மட்டும். அப்புறம், ஆழமில்லாத கடலில் வாழும் விசிறிச் சிப்பிகளுக்கு ஓட்டு விளிம்பில் பத்துக்கணக்கில் கண்கள் உண்டு. தொடுவதும் சுவைப்பதும் மட்டுமான ஈரறிவுக்குள் அவற்றை எப்படி அடக்குவது? ‘முரண்’ என்ற சொல்லோடு வேர் தேடிய மடல்களை ரசித்துப் படித்தேன், ஆனால் பலகைக்கு அவை உதவாது.

> பேரினப் (genus) பெயரையும் தமிழாக்க வேண்டும்: ‘ஆழ்சீப்பி’.

இதைத்தான் உறுதியாக மறுக்கிறேன். கிழக்குப் பசிபிக் முகடு என்ற கடலடி மலைத்தொடரில், வட அகலாங்கு 13 பாகையில் கிடைத்த சிப்பியை 1985இல் ‘பாத்திபெக்டென் வல்கானி’ என்று விவரித்தார்கள் (‘பாத்தி’ ஆழம், ‘பெக்டென்’ சீப்பு; ‘ஆழ்சீப்பி’ அதன் மொழிபெயர்ப்பு). அதன் ஓட்டில் தொல்லூழிச் (மிகப் பழைய புவிக்காலத்துச்) சாயல் இருப்பதாகவும் கருதினார்கள். பின்னால் அது ‘காட்டில்லோபெக்டென்’ பேரினத்துக்கு மாற்றப்பட்டது. ‘வல்கானி’ என்ற சிற்றினப் பெயர் மட்டும் கூடவே வந்தது. அன்றைக்கு ‘ஆழ்சீப்பி’ என்று பெயரிட்டிருந்தால் இன்று அதைத் திருத்திக்கொண்டிருப்போம். வகைப்பாட்டுப் பெயர் நாளைக்கும் மாறலாம், அதனால் அதை ஒலிபெயர்த்தே எழுதுவோம். மக்கள் பெயர்தான் தமிழில் இருக்க வேண்டும்.

genus, species என்பவற்றுக்குப் பேரினம்–சிற்றினமா, சாதி–இனமா என்ற கேள்வி பாக்கி. இலங்கைப் பாடநூல்களின் வழக்கு வேறு. பலகை நிற்கப்போவது மதுரையில் என்பதால் முன்னதை எழுதுகிறேன். பெயருக்கு ஆதாரமாகக் காப்பகத்தில் வைக்கும் மாதிரிக்குப் ‘பெயர்தாங்கி’ என்று அக்கா தந்த சொல் மிக அழகு; அதை அப்படியே எடுத்துக்கொண்டேன்.

மறுமொழி எழுதியவர்களில் ‘ஊற்றுக்கண்’ணுக்கு நால்வர், ‘துளை’க்கு ஒருவர். ஐயா, உங்கள் மறுப்பைக் குழுமக் கோப்பில் பதிந்துவிட்டேன். ‘துளை’ என்றால் நீர் வராத வாயையும் குறிக்கும், ஊற்றுக்கண் குறிக்காது என்று நீங்கள் சொன்னதற்கு என்னிடம் இன்னும் பதில் இல்லை.