மாற்றுத்திறனாளிகள் குழுவுக்கு யார் தலைமை ஏற்பது முறை?

கேள்வி:
எங்கள் குடியிருப்போர் சங்கத்தில் மாற்றுத்திறனாளிகளின் தேவைகளைக் கவனிக்கத் தனிக் குழு ஒன்றை அமைக்க இருக்கிறோம். செல்வாக்கும் நல்ல மனமும் உடைய மூத்த உறுப்பினர் ஒருவரைத் தலைவராக்கலாம் என்பது பெரும்பாலோரின் கருத்து. அவர் மாற்றுத்திறனாளி அல்லர். சக்கர நாற்காலியைப் பயன்படுத்தும் பெண்மணி ஒருவரும் பார்வையற்ற இளைஞர் ஒருவரும் உறுப்பினராக இசைந்திருக்கிறார்கள். அவர்களில் ஒருவரே தலைமை ஏற்க வேண்டும் என்று நான் சொன்னபோது, "அதிகாரிகளிடம் பேசிக் காரியம் முடிக்க அனுபவம் வேண்டாமா?" என்று கேட்டார்கள். இதற்கு என்ன பதில் சொல்வது?

பதில் 1:
அந்த அனுபவம் யாரிடம் இருக்கிறது என்பதற்கு வரலாறே சான்று. அமெரிக்காவில் மறுவாழ்வுச் சட்டம் 1973இல் நிறைவேறியும், மாற்றுத்திறனாளிகளுக்கு எதிரான பாகுபாட்டைத் தடைசெய்யும் அதன் 504ஆம் பிரிவுக்கான விதிகள் கையொப்பமாகாமல் ஆண்டுக்கணக்கில் கிடந்தன. 1977 ஏப்ரலில் மாற்றுத்திறனாளிகளான ஜூடித் ஹியூமன், கிட்டி கோன் முதலியோர் தலைமையில் நூற்றுக்கும் மேற்பட்டோர் சான் பிரான்சிஸ்கோவின் கூட்டரசு அலுவலகத்துக்குள் ஏறத்தாழ நான்கு வாரம் தங்கிப் போராடினார்கள். தொலைபேசி இணைப்பு துண்டிக்கப்பட்டபோது, உள்ளே இருந்த காதுகேளாதோர் சன்னல் வழியே சைகை மொழியில் வெளியில் இருந்தவர்களுக்குச் செய்தி சொன்னார்கள். அந்த மாத இறுதியில் விதிகள் கையொப்பமாயின.

அமெரிக்காவிலேயே, காதுகேளாதோருக்கான கேலடெட் பல்கலைக்கழகத்தில் 1988 மார்ச்சில் நடந்தது உங்கள் கேள்விக்கு இன்னும் நெருக்கமானது. காதுகேட்கும், சைகை மொழி அறியாத ஒருவரை நிர்வாகக் குழு பல்கலைக்கழகத்தின் தலைவராக நியமித்தவுடன் மாணவர்கள் வளாகத்தை மூடினார்கள். காதுகேளாத ஒருவரே தலைவராக வேண்டும் என்பதோடு அவர்கள் நிற்கவில்லை. நிர்வாகக் குழுவிலும் 51 விழுக்காட்டு இடம் காதுகேளாதோருக்கு வேண்டும் என்றார்கள். ஒரு வாரத்துக்குள் ஐ. கிங் ஜோர்டான் அந்தப் பல்கலைக்கழகத்தின் முதல் காதுகேளாத தலைவரானார். உங்கள் குழுவிலும் பெரும்பான்மை யாருடையது என்பதைத் தலைவரின் பெயரைப் போலவே கவனியுங்கள்.

பதில் 2:
மேலே சொன்னதோடு உடன்படுகிறேன். மாற்றுத்திறனாளிகள் உரிமைகளுக்கான ஐ.நா. உடன்படிக்கை 2006இல் ஏற்கப்பட்டது. தங்களைப் பாதிக்கும் முடிவுகளில் அவர்களைக் கலந்தாலோசித்து, தீவிரமாகப் பங்கேற்கச் செய்ய வேண்டும் என்று அதன் 4ஆவது பிரிவு அரசுகளைக் கடமைப்படுத்துகிறது. அரசுக்கே அப்படியென்றால் ஒரு சங்கம் அதைவிடக் குறைவாகச் செய்வது எனக்குச் சரியாகப் படவில்லை.

அந்த மூத்தவரை ஒதுக்கவும் வேண்டாம். அவருடைய செல்வாக்கு கதவைத் திறக்கப் பயன்படட்டும். உள்ளே சென்று பேசுபவர் அந்தப் பெண்மணியாகவோ இளைஞராகவோ இருக்கட்டும். என் மகளுக்காகப் பல ஆண்டுகள் நானே பேசிவந்தேன். அவள் தானே பேசத் தொடங்கிய நாளில், நான் ஒருபோதும் கேட்டிராத கோரிக்கை ஒன்றை முன்வைத்தாள்: சாய்தளம் கட்டடத்தின் பின்பக்கம் வேண்டாம், எல்லோரும் நுழையும் முன்வாசலிலேயே வேண்டும்.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. இவ்விரு பதில்களையும் கூட்டத்தில் வாசித்துக் காட்டுகிறேன். பார்வையற்ற அந்த இளைஞர் தலைமை ஏற்றால், நாங்கள் என்ன ஏற்பாடு செய்ய வேண்டும்?

பதில் 3:
நானும் பார்வையற்றவன்; ஒரு சங்கத்தின் செயலாளராக இருக்கிறேன். கூட்ட அறிக்கையை ஒளிப்படமாக எடுத்து அனுப்பினால் திரையில் உள்ள எழுத்தைக் குரலில் வாசித்துக் காட்டும் மென்பொருளான திரைவாசிப்பான் பெரும்பாலும் அதைப் படிக்காது. தட்டச்சு செய்த கோப்பாக, இரண்டு நாள் முன்னதாகவே அனுப்புங்கள். கூட்டத்தில் பேசுபவர் ஒவ்வொருவரும் முதலில் தம் பெயரைச் சொல்லட்டும். கை உயர்த்தி வாக்களித்தால், எண்ணிக்கையை வாய்விட்டு அறிவியுங்கள். இவற்றைவிட முக்கியமானது, குழுவுக்கென ஒதுக்கும் பணத்தைச் செலவிடும் அதிகாரமும் அவரிடமே இருக்க வேண்டும். ஒவ்வொரு செலவுக்கும் வேறொருவரின் ஒப்புதலை நாடும் தலைவரால் ஒரு கைப்பிடிக் கம்பியைக்கூட உரிய நேரத்தில் பொருத்த முடியாது. காதுகேளாதோரும் அறிவுசார் குறைபாடு உடையோரும் உங்கள் குடியிருப்பில் இருந்தால், அவர்களையும் இப்போதே குழுவில் சேர்த்துக்கொள்ளுங்கள். என் தேவையை வைத்து அவர்களுடைய தேவையை என்னால் ஊகிக்க இயலாது.