ஆத்தங்குடிக் கல் வடிவத்தில் குவில்ட்: கட்டங்கள் அளவுக்கு வரவில்லை, உதவி தேவை

கோட்டையூர் ஆச்சி வீடு
அனைவருக்கும் வணக்கம். எங்கள் அப்பத்தா உடுத்திய கண்டாங்கிச் சேலைகளில் கிழியாத பகுதிகளை வெட்டி எடுத்து, வீட்டு வளவில் பதித்திருக்கும் ஆத்தங்குடிக் கல்லில் உள்ளது போலவே நான்கு கால்வட்டங்கள் கூடி ஒரு பூவாகும் வகையில் குவில்ட் (துணித் துண்டுகளை இணைத்து, அடுக்காகத் தைக்கும் போர்வை) ஒன்று தைத்துக்கொண்டிருக்கிறேன். எளிதாகத் தோன்றிய வேலை, கையில் எடுத்த பிறகு மிகவும் கடினமாகிவிட்டது. கால்வட்டத்தைச் சுற்றி வரும் வெளித்துண்டில் சுருக்கம் விழுகிறது. தைத்து முடித்த கட்டங்கள் அளவில் குறைந்துவிடுகின்றன. நான்கு கட்டங்களைச் சேர்த்தால் படிந்து கிடக்காமல் எழும்பி நிற்கின்றன. பிள்ளையார் நோன்புக்கு மகள் ஊருக்கு வருவதற்குள் முடித்தாக வேண்டும். தெரிந்தவர்கள் விரைவாகச் சொல்லுங்கள்.

புதுவயல் தையலகம்
வணக்கம் ஆச்சி. எந்த மிஷின், எத்தனையாம் எண் ஊசி, தையலுக்கு எவ்வளவு துணி விட்டீர்கள் என்று எதுவுமே பதிவில் இல்லையே. இருந்தாலும் எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன். கண்டாங்கி தடித்த துணி. அழுத்துப் பாதம் மேல்துணியைப் பிடித்து நிறுத்த, அடியிலுள்ள பல் கீழ்த்துணியை மட்டும் இழுத்துக்கொண்டு போகும். அதனால்தான் ஒரு துண்டு மட்டும் சுருங்குகிறது. பாதத்தின் மேலுள்ள திருகைச் சற்றுத் தளர்த்தி, 16-ஆம் எண் ஊசி போட்டு, வேண்டாத துணியில் ஒரு வளைவு தைத்துப் பாருங்கள்.

கானாடுகாத்தான் நெசவுப் பிரியர்
எவ்வளவு குறைகிறது என்பதைச் சொல்லுங்கள். எல்லாத் துண்டும் பழைய சேலையா, அல்லது கடையில் வாங்கிய புதுத்துணியும் கலந்திருக்கிறதா என்பதும் தெரிய வேண்டும். பல ஆண்டுகள் துவைத்து உலர்த்திய கண்டாங்கி இனிச் சுருங்கப் போவதில்லை. ஆனால் கஞ்சி ஏறிய புதிய பருத்தித் துணி முதல் துவைப்பிலேயே சுருங்கிவிடும். இரண்டையும் துவைக்காமல் சேர்த்துத் தைத்து, அதன்மேல் நீர் தெளித்துத் தேய்த்தீர்கள் என்றால் கட்டம் கோணிக்கொள்ளும். காரணம் அங்கேதான் இருக்கும் என்று கருதுகிறேன்.

தேவகோட்டை மூத்தவர்
இந்தக் கேள்வி இங்கே வருவது முதல் முறை அன்று. வளைவுத் தையல் தொடக்க நிலையில் உள்ளவர்கள் எடுக்கக்கூடிய வேலையே அன்று என்பதை முன்பே பலருக்கும் விளக்கியிருக்கிறேன். நேர்க்கோட்டில் சதுரங்களை இணைத்து, நான்கு முனைகளும் ஒரே புள்ளியில் கூடும் அளவுக்குக் கை பழகிய பிறகுதான் வளைவைத் தொட வேண்டும். வட்டமாக வெட்டும்போது விளிம்பின் நடுப்பகுதி கிராஸில், அதாவது நெசவு இழைகளுக்குச் சாய்வாக விழுகிறது. கிராஸில் விழுந்த துணி கையால் எடுத்தாலே நீளும். இந்த அடிப்படை தெரியாமல் திருகைத் தளர்த்துவதாலும் துணியைத் துவைப்பதாலும் ஒன்றும் ஆகாது. ஆச்சி முதலில் ஒரு தலையணை உறை தைத்துவிட்டு வரலாம்.

பள்ளத்தூர் பெட்டகம்
எனக்குத் தையல் தெரியாது, ஆனாலும் இதைப் படித்துவிட்டு மனம் பொறுக்கவில்லை. அப்பத்தா உடுத்திய கண்டாங்கியை எப்படி வெட்டத் துணிந்தீர்கள்? காரைக்குடிக் கண்டாங்கிக்கு 2019-ஆம் ஆண்டு புவிசார் குறியீடு கிடைத்தது. பழைய சேலையின் கட்டமும் கரையும் அன்றைய நெசவுக்குச் சான்று. நம் வீடுகளின் தூண்களும் கதவுகளும் பழம்பொருள் கடைகளுக்குப் போனதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். துணியையாவது முழுதாக வைத்திருக்க வேண்டாமா?

கானாடுகாத்தான் நெசவுப் பிரியர்
உங்கள் வருத்தம் எனக்குப் புரிகிறது. ஆனால் மடித்த மடிப்பிலேயே பெட்டியில் கிடக்கும் பருத்திச் சேலை அந்த மடிப்பு வழியாகவே இற்றுப்போகும், இராமபாணப் பூச்சியும் அரிக்கும். நல்ல நிலையில் உள்ள சேலையை வெட்டக் கூடாது என்பதில் நானும் உறுதியாக இருக்கிறேன். கிழிந்த சேலையின் விஷயம் வேறு. வங்காளத்துக் காந்தா, பழைய சேலைகளையும் வேட்டிகளையும் அடுக்கி நூலோட்டம் போட்டுத் தைப்பதில் பிறந்த கலைதான். பயன்பாட்டில் இருக்கும் துணிக்குத்தான் வீட்டில் கவனிப்பும் கிடைக்கும்.

பள்ளத்தூர் பெட்டகம்
வெட்டுவதற்கு முன் ஒவ்வொரு சேலையிலும் முந்தியும் கரையும் சேர்ந்த ஒரு பகுதியையாவது தனியே எடுத்து வைத்திருந்தால் நான் வாதிட மாட்டேன்.

கோட்டையூர் ஆச்சி வீடு
எல்லாருக்கும் நன்றி. முந்திகளை எடுத்து வைத்திருக்கிறேன், அவை வெட்டப்படவில்லை. மிஷின் பழைய கால் மிஷின், ஊசி 14-ஆம் எண். தையலுக்குக் கால் அங்குலம் விட்டிருக்கிறேன். கால்வட்டம் மட்டும்தான் கண்டாங்கி; வெளித்துண்டு புதிய காடாத் துணி, இரண்டு முறை துவைத்துக் கஞ்சி போக்கிய பிறகே வெட்டினேன். கட்டம் 6½ அங்குலம் வர வேண்டும், ஆனால் 6 அங்குலம்தான் வருகிறது. அரக்கு நிறச் சேலை ஒன்று சாயம் விடுமோ என்ற அச்சமும் இருக்கிறது.

புதுவயல் தையலகம்
சாயத்துக்கு உப்பும் வினிகரும் கலந்த நீரில் ஓர் இரவு ஊற வையுங்கள், நின்றுவிடும்.

கானாடுகாத்தான் நெசவுப் பிரியர்
அண்ணன் சொல்வதை மறுக்க வேண்டியிருக்கிறது. பருத்திக்குச் சாயமிடும் தொட்டியில் உப்பு போடுவது சாயம் இழைக்குள் ஏறுவதற்காக. ஏற்கெனவே ஏறிய சாயத்தை அது நிறுத்தி வைக்காது. வினிகர் பருத்திக்குப் பயன்படாது. வெள்ளைத் துணியை நனைத்து அந்த அரக்கின்மேல் அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். நிறம் ஒட்டினால், நீர் தெளியும் வரை திரும்பத் திரும்ப அலசுவதுதான் வழி. அப்போதும் நிற்காவிட்டால் அந்தச் சேலையை வெள்ளைக் காடாவின் பக்கத்தில் வைக்காமல் இருப்பதே நல்லது.

புதுவயல் தையலகம்
எங்கள் கடையில் காலங்காலமாக உப்புத்தான் போடுகிறோம், இதுவரை யாரும் குறை சொன்னதில்லை.

காரைக்குடி கணக்கு ஆசிரியை
சாயத்தைச் சற்று ஒதுக்கி வைத்துவிட்டு அளவைப் பார்ப்போம். ஆச்சி, எல்லாக் கட்டங்களும் ஒரே சீராக அரை அங்குலம் குறைகின்றனவா? துணி நீண்டதாலோ மிஷின் இழுத்ததாலோ குறை வந்திருந்தால் ஒரு கட்டம் ஒரு நூலும் (அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு) மற்றொன்று மூன்று நூலும் குறையும். ஒரே அளவில் நிற்காது. எல்லாம் நான்கு நூல் குறைகின்றன என்றால் தவறு தையலில் இருக்க வாய்ப்பில்லை, வெட்டுவதற்கு முன்பே வரைந்த வடிவத்தில்தான் இருக்க வேண்டும். இரண்டு துண்டுகளின் வளைவையும் எதை வைத்து வரைந்தீர்கள்?

கோட்டையூர் ஆச்சி வீடு
ஆமாம், எல்லாமே அரை அங்குலம்தான். வீட்டிலுள்ள பழைய எனாமல் தட்டை வைத்து வரைந்தேன், 9 அங்குலத் தட்டு. இரண்டு துண்டுகளுக்கும் அதே தட்டுதான்.

காரைக்குடி கணக்கு ஆசிரியை
காரணம் இதுதான். ஆத்தங்குடிக் கல் செய்யும்போது கண்ணாடிமேல் அச்சை வைத்து, ஒவ்வோர் அறையிலும் ஒரு நிறக் கலவையை ஊற்றுகிறார்கள். அங்கே இரண்டு நிறங்களுக்கும் நடுவே நிற்கும் தகடு ஒன்றுதான், ஆகவே ஒரே வளைவு போதும். துணியில் அந்த எல்லையிலிருந்து இரண்டு பக்கமும் கால் அங்குலம் தையலுக்குள் மறைந்துபோவதால், ஒரு வளைவுக்கு இரண்டு அளவுகள் தேவைப்படுகின்றன.

உங்கள் தட்டின் ஆரம் 4½ அங்குலம். கால்வட்டத்தில் தையல் விழும் கோடு மையத்திலிருந்து 4¼ அங்குலத்தில் இருக்கிறது. வெளித்துண்டிலோ அது 4¾ அங்குலத்துக்குப் போய்விடுகிறது. இந்த இரண்டு வளைவுகளின் நீளத்தையும் கணக்கிட்டால், வெளித்துண்டின் வளைவு முக்கால் அங்குலத்துக்கும் சற்று அதிகமாக நீண்டிருக்கும். அந்த மிகுதித் துணிதான் சுருக்கமாக விழுகிறது. கால்வட்டத்தின் 4½ அங்குலமும் வெளித்துண்டின் நேர் ஓரத்தில் வளைவு போகக் கையாக மிஞ்சி நிற்கும் 2 அங்குலமும் சேர்ந்தால் 6½. அதில் தையல் அரை அங்குலத்தை எடுத்துக்கொண்டால் 6. உங்களுக்கு வருவது சரியாக அந்த அளவுதான்.

இதில் நல்ல செய்தி, கண்டாங்கித் துண்டு எதையும் இழக்க வேண்டியதில்லை. கால்வட்டங்களை அப்படியே வைத்துக்கொண்டு, காடாவில் மட்டும் புதிய வெளித்துண்டுகள் வெட்டுங்கள்: 6½ அங்குலச் சதுரம், மூலையிலிருந்து 4 அங்குல ஆரத்தில் உள்வளைவு. அப்போது இரண்டு துண்டுகளின் தையல் கோடும் 4¼ அங்குலத்தில் பொருந்தும். தட்டை விட்டுவிட்டு, தடித்த அட்டையில் காம்பஸ் கொண்டு வரைந்து வெட்டிய அச்சையே பயன்படுத்துங்கள். தைத்தவற்றைப் பிரிக்கும்போது நூலை இழுக்காமல் சில தையலுக்கு ஒன்றாக அறுத்து எடுங்கள். கண்டாங்கி பருநூல் நெசவு என்பதால் விளிம்பு எளிதில் பிரியும். மீந்துபோன பழைய வெளித்துண்டுகளுக்கு 5 அங்குல ஆரத்தில் வேறு துணியில் கால்வட்டம் வெட்டினால் அவையும் வீணாகா.

தேவகோட்டை மூத்தவர்
கணக்கு சரிதான், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் கணக்கு சரியாக இருந்தாலும் கிராஸ் துணி நீளத்தான் செய்யும். இரண்டு துண்டையும் பாதியாக மடித்து நடுவை அடையாளம் செய்து, முதலில் நடுவிலும் பிறகு இரண்டு முனைகளிலும், அதன்பின் இடைவெளிகளிலும் குண்டூசி குத்த வேண்டும். உள்வளைவின் ஓரத்தில் ஒரு நூல் ஆழத்துக்கு மட்டும் கத்தரித்துவிட்டு, வெளித்துண்டு மேலே இருக்கும்படி வைத்து மெதுவாகத் தைக்க வேண்டும். இஸ்திரிப் பெட்டியை இழுத்துத் தேய்க்காமல் தூக்கித் தூக்கி அழுத்த வேண்டும். இவற்றைச் செய்யாதவர்கள் மீண்டும் இதே கேள்வியோடு வருவார்கள்.

புதுவயல் தையலகம்
ஐயா சொன்ன முறை சரியானது. அதோடு திருகையும் தளர்த்தினால் இன்னும் எளிதாக இருக்கும் என்பதை மட்டும் சேர்த்துக்கொள்கிறேன்.

காரைக்குடி கணக்கு ஆசிரியை
மற்றொன்றையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். அகலவாட்டில் எத்தனை கட்டங்கள் வைக்கப் போகிறீர்கள் என்று தெரியவில்லை. 12 கட்டங்கள் என்றால் நடுவே 11 தையல்கள் வரும். ஒவ்வொரு துண்டிலும் அரை நூல் கூடுதலாக உள்ளே போனால், ஒரு தையலுக்கு ஒரு நூலாக மொத்தம் 11 நூல், அதாவது 1⅜ அங்குலம் குறைந்துவிடும். அதனால் மிஷின் தட்டின்மேல் ஊசியிலிருந்து கால் அங்குலத்தில் ஒரு டேப் ஒட்டிவைத்து, அதை ஒட்டியே துணியை ஓட்டுங்கள்.

பள்ளத்தூர் பெட்டகம்
நடுவே என்ன வைக்கிறீர்கள் ஆச்சி? நம் ஊர் வெயிலுக்குப் பஞ்சு விரிப்பு வைத்தால் யாரும் போர்த்திக்கொள்ள மாட்டார்கள். பழைய வேட்டி ஒன்றை நடுவில் கொடுக்கலாம்.

கானாடுகாத்தான் நெசவுப் பிரியர்
வேட்டி நல்ல யோசனை. நன்றாகத் துவைத்த வேட்டியாக இருக்கட்டும். மூன்று அடுக்கையும் தரையில் விரித்து, நடுவிலிருந்து ஓரம் நோக்கி நான்கு அங்குலத்துக்கு ஒன்றாக நூல் குத்திப் பிணைத்த பிறகே நூலோட்டம் தொடங்க வேண்டும். ஓரத்திலிருந்து தொடங்கினால் மிகுதித் துணி நடுவில் வந்து சேரும்.

கோட்டையூர் ஆச்சி வீடு
4 அங்குல ஆரத்தில் வெட்டித் தைத்துப் பார்த்தேன். கட்டம் 6½ வந்துவிட்டது, சுருக்கம் இல்லை. அரக்குச் சேலை வெள்ளைத் துணியில் ஒட்டியதால் அதை மட்டும் அலசப் போட்டிருக்கிறேன். நடுவில் எங்கள் வீட்டு ஐயாவின் வேட்டி வைக்கிறேன். அனைவருக்கும் நன்றி.