கலைச்சொல்: 'ரூம் கரெக்‌ஷன்' – திருத்தமா, ஈடா?

அன்புள்ள குழுவினருக்கு,

ஒலிபெருக்கி அளவீட்டு மென்பொருள் ஒன்றின் கையேட்டை வெள்ளிக்கிழமைக்குள் ஒப்படைக்க வேண்டும். அதில் வரும் 'ரூம் கரெக்‌ஷன்' (அறையால் ஒலியில் நேரும் கேட்டுக்கு ஏற்ப, ஒலிபெருக்கிக்குப் போகும் ஒலியை மென்பொருள் மாற்றுவது) முதலியவற்றுக்குத் தமிழ்ச்சொல் கேட்டிருந்தேன். இதுவரை வந்த சொற்களைப் பற்றி என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன்.

'அறைத் திருத்தம்' உடனே விளங்கும். ஆனால் அச்சொல் நடவாத ஒன்றை நடப்பதாகக் காட்டுகிறது. 5 மீட்டர் நீளமுள்ள கூடத்தில் எதிரெதிர்ச் சுவர்களுக்கிடையே ஏறத்தாழ 34 ஹெர்ட்சில் நிலை அலை (சுவரில் மோதித் திரும்பும் ஒலி, சில இடங்களில் ஓங்கியும் சில இடங்களில் ஓய்ந்தும் நிற்பது) எழும்; அந்தத் தாழ்ந்த ஒலி சுவரோரம் அமர்ந்தவருக்கு வீங்கிக் கேட்கும், நடுவில் அமர்ந்தவருக்கு ஏறக்குறைய மறைந்துவிடும். வீக்கத்தை மென்பொருள் தணிக்கும். ஒலி மறையும் பள்ளத்தை நிரப்ப முயன்றால் பெருக்கிதான் (ஆம்ப்ளிஃபயர்) திணறும். சுவர் இருந்தபடியே இருக்க, ஒலிபெருக்கிக்குப் போகும் குறிகை (சிக்னல்) மட்டுமே மாறுவதால் 'அறையொலி ஈடு' என்பதே பொருந்தும். ஈடு என்றால் அடமானமும் திருவாய்மொழி உரையுமே நினைவுக்கு வருவதாகக் குழுவில் ஐயா ஒருவர் எழுதியிருந்தார். 'ஈடுகட்டுதல்' இன்றும் எல்லோர் வாயிலும் வழங்குகிறதே!

'ரூம் ட்ரீட்மெண்ட்' (ஒலியை உறிஞ்சும் பலகைகளை அறையில் பொருத்துவது) என்பதற்கு 'அறைப் பண்டுவம்' தூய சொல்தான்; பண்டுவம் என்றால் மருத்துவம், ஆயினும் அறையை நோயாளியாக்குகிறது. தோலையும் மண்ணையும் பதப்படுத்துவதுபோல் 'ஒலிப்பதம்' எனலாம். மேலே சொன்ன 34 ஹெர்ட்ஸ் போல 10 மீட்டர் அலைநீளமுள்ள ஒலியை 5 செ.மீ. தடிமனான கண்ணாடி இழைப் பலகை அடக்காது. கைதட்டினால் எழும் எதிர்முழக்கத்தை எந்த மென்பொருளும் உறிஞ்சாது. வேலை இரண்டு என்பதால் சொல்லும் இரண்டு வேண்டும்.

அறுக்கப்பட்ட இடமே அறை என்றும், குறள் 1076இல் வரும் 'அறைபறை' ஒலியோடு சேர்ந்தது என்றும் குழுவில் நடந்த வேர்ச்சொல் ஆய்வை விரும்பிப் படித்தேன். கையேட்டுக்கு அது உதவவில்லை. பேஸ் ஒலி நின்ற பின்னும் அறை அதிர்வதற்கு இசையாசிரியர் தந்த 'கார்வை' அழகானது. ஆனால் கார்வை பாடகர் வேண்டி நீட்டுவது. அறை நீட்டுவதோ வேண்டாதது.

இலங்கை நண்பர் ஒத்ததிர்வைப் (ரெசொனன்ஸ்) 'பரிவு' என்றும் எண்ணிமத்தை (டிஜிட்டல்) 'இலக்கமுறை' என்றும் எழுதக் கேட்கிறார். முன்னதை அடைப்புக்குறியில் சேர்க்கிறேன். பின்னதில் எங்களுக்குள் இணக்கமில்லை.

'அறையொலி ஈடு' என்பதற்கு நால்வர் இசைந்தனர். 'ரூம் கரெக்‌ஷன்' என்றே விட வேண்டும் என்பவர் இன்னும் மாறவில்லை. அவருக்காக முதல் பக்கத்தில் இரண்டையும் அருகருகே இடுகிறேன். 'ஒலிப்பத'த்தைவிடத் தெளிவான சொல் வியாழன் இரவுக்குள் வந்தால் மாற்றிக்கொள்வேன்.

அன்புடன்.