பிராட் பேண்டிங்: ‘படியேற்றம்’ வேண்டாமே, ‘வரம்பேற்றம்’ சரிவருமா?

அண்ணாச்சி,

படைவீரரின் ஊன விழுக்காட்டை ஓய்வூதியக் கணக்குக்காக அடுத்த வரம்புக்கு ஏற்றிப் போடுவதுதானே பிராட் பேண்டிங்? முன்னாள் படைவீரர் கையேட்டில் அதற்குத் தமிழாக நீங்கள் போட்ட ‘படியேற்றம்’ காதுக்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஓய்வூதியம் வாங்குகிறவருக்குப் ‘படி’ என்றால் அகவிலைப்படிதான். பஞ்சப்படி கூடிவிட்டது என்று பாளையங்கோட்டையில் பாதிப்பேர் பேங்குக்குக் கிளம்பிவிடுவார்கள். ‘அகலப்பட்டை’ இணையத்துக்குப் போய்விட்டது, அதை விடுங்கள்.

டிஸ்க் விலகிய ஒரு ஹவில்தாருக்கு, ஓய்வுபெறும்போது மெடிக்கல் போர்டு 20% ஊனம் என்று போடுகிறது என்று வைத்துக்கொள்வோம். முதுகுவலி ராணுவப் பணியால் வந்தது அல்லது பணியால் கூடியது என்று ஏற்றுக்கொண்டால், அந்த 20 கணக்கில் 50 ஆகிவிடும். 50 முதல் 75 வரை இருந்தால் 75. 76 முதல் 100 வரை என்றால் 100. முழு 100% ஊனத்துக்குக் கடைசிச் சம்பளத்தில் 30% ஊன ஓய்வூதியம் என்பது விதி. சம்பளம் 40,000 என்றால் 20%-க்கு மாதம் 2,400. 50 ஆனதும் 6,000. டவுன் பஸ்ஸில் பாதியில் இறங்கினாலும் அடுத்த ஸ்டேஜ் வரைக்கும் டிக்கெட் எடுக்கிறோமே, அந்தக் கணக்குதான். என்ன, இங்கே லாபம் பயணிக்கு!

அந்தந்த வரம்பின் மேல்முனைக்கு ஏற்றுவதால் ‘வரம்பேற்றம்’ என்கிறேன். ‘வரம்பேற்றிய பின் 50%’ என்று வினையாகவும் எழுத வருகிறது. இன்னொரு நண்பர் சொன்ன ‘ஊன உயர்வு’ கூடவே கூடாது. முதுகு அதே முதுகுதான், மாறுவது விழுக்காடு மட்டும். நாளைக்கு யாராவது நோய் முற்றிவிட்டது என்று படித்துவிடுவார்கள்.

உடல்நிலையைக் காட்டி இடையில் அனுப்பப்பட்டவர்களுக்கு மட்டும்தான் இது என்று அரசு சொல்லிவந்தது. பணிக்காலம் முடித்து வந்தவர்களுக்கும் உண்டு என்று 2014 டிசம்பரில் ராம் அவதார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. நம் பக்கத்தில் முழுக்காலம் முடித்து வந்தவர்கள்தானே அதிகம்? அதனால் ‘பணிநீக்க’ என்ற ஒட்டு எதுவும் சொல்லில் வேண்டாம்.

அப்புறம், ‘பணியால் மிகைப்பட்டது’ என்பதை எடுத்துவிட்டு ‘பணியால் கூடியது’ என்றே போடுவோம். வலி கூடிப்போச்சு என்றுதானே நம் ஊரில் சொல்கிறோம்.

*

தம்பி,

சரி, வரம்பேற்றமே இருக்கட்டும். முதல் தடவை வருகிற இடத்தில் பக்கத்திலேயே பிராட் பேண்டிங் என்றும் போட்டுவிடுங்கள். வக்கீலிடமும் ஆபீஸிலும் போய் அந்தப் பெயரைச் சொல்லித்தான் கேட்பார்கள். பணிக்காலம் முடித்து வந்தவருக்கு போர்டு 20-க்குக் கீழே போட்டிருந்தால் வரம்பேற்றம் கிடையாது என்பதையும் அதே பத்தியில் சேர்க்க வேண்டும். இல்லையென்றால் 15% போட்ட சீட்டோடு வந்து என் வாசலில்தான் நிற்பார்கள்.